அனுமதியின்றி அயல்பணி

ஆசிரியர் லால்பக்ஷைப் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கிக்கொண்டு போன பதினான்காம் நாள், அவர் ஏன் பள்ளிக்கூடத்துக்கு வருவதில்லை என்று விளக்கம் கேட்டு அரசாங்கம் அவருக்கு நோட்டீஸ் அனுப்பியது.

தபால்காரர் வாசலில் நின்று, "அவர்தான் கையெழுத்துப் போடணும்," என்றார். அவரும் அதே ஊர், ஷாகோர்க்காரர்தான். ஷாகோரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். சொல்லிவிட்டுத் தன் செருப்பையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, நீயே போடு தாயி," என்று காகிதத்தை நாஸ்பீபியிடம் நீட்டினார்.

நாஸ்பீபி லால்பக்ஷின் மனைவி. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இடுப்பில் குழந்தையோடு நோட்டீஸை மூன்று தடவை படித்தாள். முன் அனுமதியின்றியும் விடுப்பு விண்ணப்பமின்றியும் ஆசிரியர் பணிக்கு வராதது கவனத்துக்கு வந்திருப்பதாகவும், ஏழு நாளில் தக்க விளக்கம் தராவிட்டால் நடவடிக்கை பாயும் என்றும் அதில் இருந்தது.

"நல்லா இருக்குடி," என்றாள் மஹ்லப். லால்பக்ஷின் அக்கா. புருஷனை இழந்து தம்பி வீட்டோடு இருப்பவள். அவள் நாக்குக்குப் பயந்து சொந்தக்காரர்கள் பேரீச்சை அறுவடைக்குக்கூட அவளைக் கூப்பிடுவதில்லை. "ஆட்டை முழுங்கின ஓநாயே வந்து, உங்க ஆடு ஏன் மேய்ச்சலுக்கு வரலைன்னு கேக்குது."

நாஸ்பீபிக்கு வேறு விதமாகப் பட்டது. பதினாலு நாளாக அவள் ஏறி இறங்கிய எல்லா இடத்திலும் யாரும் காணாமல் போகவில்லை என்றே சொல்லியிருந்தார்கள். போலீஸ் நிலையத்தில் எழுத்தர், "ஆள் காணோம்னு எழுதலாம். ஆனா எங்க காணாமப் போனார்னு அடுத்த கட்டத்துல கேட்டிருக்கான். அதுக்கு அடுத்த கட்டத்துல யார் கொண்டு போனதுன்னு கேட்டிருக்கான். அந்தக் கட்டத்துல எழுதுற பேனா எங்கிட்ட இல்லம்மா," என்று மரியாதையாகத்தான் சொன்னார். ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்து பார்த்த நாற்பத்தியொரு பிள்ளைகளும் சிறு பிள்ளைகள், சாட்சி செல்லாது. தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்து, மணி பத்து நாற்பது என்பதால் வருகைப் பதிவேட்டில் அரை நாள் போட்டிருந்தார். "பாதி நாள் வேலை பார்த்த மனுஷனுக்கு முழு நாள் லீவு போட என் மனசாட்சி இடம் குடுக்கலை," என்றார்.

காணாமல் போனவர்களுக்காக அரசாங்கம் வைத்த தேடப்படுவோர் நலக் குழு என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர், லால்பக்ஷ் மஸ்கட்டில் இரண்டாவது கல்யாணம் பண்ணிக்கொண்டு சௌக்கியமாக இருப்பார் என்று நம்பிக்கை தெரிவித்திருந்தார்.

ஆக, அந்த மனுஷர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று முத்திரை குத்தி ஒப்புக்கொண்ட முதல் காகிதம் அந்த நோட்டீஸ்தான். நாஸ்பீபி அதை மடித்துச் சட்டையின் முன்பக்க நீளப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் நாத்தனாரும் அவளும் கல்வி அலுவலகத்துக்குப் போனார்கள்.

கல்வி அலுவலகத்தில் தாத் கரீம் என்று ஒரு தலைமை எழுத்தர் இருந்தார். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். விதிக்குப் புறம்பாக ஒரு குண்டூசியைக்கூட நகர்த்தியதில்லை என்று பெயர் எடுத்தவர். அவருடைய மேஜையில் அதே குண்டூசிகள் முப்பத்தொரு வருஷமாக இருந்தன.

"பதில் அவர் கைப்பட இருக்கணும் பீபி. பெண்டாட்டி எழுதினா செல்லாது."

"அவரு முகாம்ல இருக்காரு வாஜா," என்றாள் நாஸ்பீபி. வாஜா என்றால் ஐயா. "பாடம் நடத்திட்டிருந்தப்ப பட்டாள வண்டியில ஏத்திட்டுப் போனாங்க."

"எந்த முகாம்?"

"மலையடி முகாம்தான்."

"அது அரசாங்கத்துதா, தனியாருதா?"

"தனியாருதுன்னா நாங்க அன்னைக்கே கதவை ஒடைச்சிருப்போம்," என்றாள் மஹ்லப்.

தாத் கரீம் கோபப்படவில்லை. தலையணை மாதிரி இருந்த ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்து, எச்சில் தொட்டுப் பக்கம் தள்ளினார். "அப்ப சரியா வந்திருச்சு. ஒரு துறையில இருக்கவேண்டிய ஆள் இன்னொரு துறையில இருந்தா அதுக்குப் பேரு அயல்பணி. அயல்பணிக்கு இந்த அலுவலகம் தடையில்லாச் சான்று குடுக்கணும். உங்க வீட்டுக்காரர் வாங்கலை."

"அவரா போகலையே வாஜா! கண்ணைக் கட்டிக் கொண்டு போனாங்க!"

"எப்படிப் போனார்னு விதியில கேள்வி இல்லை பீபி. அனுமதியோட போனாரான்னுதான் கேள்வி." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அயல்பணியில இருக்கிறவருக்கு நோட்டீஸை வீட்டுக்கு அனுப்பினது தப்பு. எங்க தப்புதான். அவர் இப்ப இருக்கிற துறைத் தலைவர் மூலமா, முறையான வழியில போகணும்."

அப்போதே புது நோட்டீஸ் தட்டச்சு செய்தார். பொருள்: அனுமதியின்றி அயல்பணியில் இருத்தல். நான்கு நகல். அது மாவட்ட நிர்வாகத்துக்குப் போய், போலியோ சொட்டு மருந்துக் கணக்கு, தேர்தல் பணிப் பட்டியல், நாய்க்கடி ஊசி விண்ணப்பம் ஆகியவற்றோடு ஒரே கட்டாகக் கட்டப்பட்டு மேஜை மேஜையாக நகர்ந்தது. யாராவது ஒருவர் படித்திருந்தால் நிறுத்தியிருப்பார். படிக்காமல் ஒப்பமிடும் நல்ல வழக்கம் இருந்ததால் யாரும் நிறுத்தவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் தாத் கரீம் ஆள் விட்டுக் கூப்பிட்டார். நோட்டீஸ் திரும்பி வந்திருந்தது. முகாமின் நீல முத்திரை. அதற்குள், 'நேரில் பெற்றுக்கொண்டார்.' கீழே லால்பக்ஷின் கையெழுத்து. பின்பக்கத்தில் விளக்கம்:

"மதிப்பிற்குரிய ஐயா, நான் பணிக்கு வராதது வேண்டுமென்று செய்த தவறு அல்ல. நான் இருக்கும் அறையின் கதவு வெளியே பூட்டப்பட்டுள்ளது. திறக்கப்படும் நாளிலேயே பணியில் சேர்ந்துவிடுவேன். ஐந்தாம் வகுப்புக்குப் பின்னங்களைக் கூட்டுவது வரை நடத்தியிருக்கிறேன். கழித்தல் நடத்தவில்லை. அதற்குள் தேர்வு வைத்தால் பிள்ளைகள்மேல் குற்றமில்லை."

நாஸ்பீபி நின்றபடியே படித்தாள். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து நின்றாள். என்ன செய்வது என்று கைக்கும் காலுக்கும் தெரியவில்லை.

"உசிரோட இருக்கான்," என்றாள் மஹ்லப். கொஞ்சம் பொறுத்து, "உருது வரியைப் பாருடி. வலப்பக்கம் நேரா ஆரம்பிச்சு இடப்பக்கம் போகப் போகச் சரியுது. அவன் கோடு போட்ட மாதிரி எழுதுறவன். கை நல்லா இல்லை அவனுக்கு," என்றாள்.

அந்தக் காகிதத்தோடு அன்றைக்கே நலக் குழுவுக்கு ஓடினார்கள். குழு அலுவலகத்தின் நடையில் வழக்கம்போல் பெண்கள் மடியில் போட்டோக்களோடு உட்கார்ந்திருந்தார்கள். நாஸ்பீபி கையெழுத்து வாங்கி வந்ததைக் கேள்விப்பட்டதும் போட்டோக்களைக் கவிழ்த்துவிட்டு எல்லோரும் எழுந்தார்கள். காகிதம் கைமாறிக் கைமாறிப் போனது. பலர் படிக்கத் தெரியாதவர்கள். அவர்கள் கையெழுத்தை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார்கள்.

தலைவர் ஓய்வுபெற்ற பெரிய மனிதர். காகிதத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்தார். முகம் மலர்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! பார்த்தீங்களா? நான்தான் அன்னைக்கே சௌக்கியமா இருப்பார்னு சொன்னேனே!"

"சாகிப், அவரு அடைச்சு வச்சிருக்காங்கன்னு எழுதியிருக்காரு."

"அம்மா, காணாமப் போனவன்னா யாரு? இருக்கிற இடம் தெரியாதவன். இவர் இருக்கிற இடம் தெரிஞ்சுபோச்சு. அப்ப இவர் காணாமப் போனவர் இல்லை. இந்தக் குழு காணாமப் போனவங்களுக்காக வச்ச குழு. இவருக்கு இனிமே இங்க வேலை இல்லை." உதவியாளர் பக்கம் திரும்பினார். "தீர்ந்ததுன்னு எழுதுய்யா. இந்த மாசத்துல இது பதினேழாவது."

"அப்ப அவரை விடச் சொல்லுங்க சாகிப்!"

"விடச் சொல்றதுக்கு, பிடிச்சிருக்கணும். அவரைப் பிடிக்கவே இல்லைன்னு முகாம்ல இருந்து எனக்கு எழுத்துமூலமாக் குடுத்திருக்காங்க. அந்தக் கடுதாசியை நானே பார்த்துப் பார்த்துத் திருத்திக் குடுத்தேன். பிழையே இருக்காது." அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. பன்னெண்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இத்தனை குடும்பத்தோட கண்ணீரைப் பார்த்ததுல எனக்கே ரத்த அழுத்தம் வந்திருச்சு. என்னைத் தேடி யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்களா, சொல்லுங்க?"

"நீங்க காணாமப் போனாத்தானே தேடுவோம்," என்று மஹ்லப் சொல்லி முடிப்பதற்குள் நாஸ்பீபி அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

கல்வி அதிகாரி இன்னொரு பக்கம் லால்பக்ஷின் விளக்கத்தைப் பரிசீலித்து, 'கதவு பூட்டியிருந்தது என்பது பணிக்கு வராமைக்கு ஏற்கத்தக்க காரணமாகாது. விளக்கம் திருப்தியளிக்கவில்லை. மேலும் குற்றச்சாட்டுகள் இருப்பின் சேர்த்து அனுப்புக,' என்று பச்சை மையில் எழுதியிருந்தார்.

மறுபடி கல்வி அலுவலகத்துக்கு வந்த நாஸ்பீபி அந்தக் கடைசி வரியிலேயே நின்றாள்.

"வாஜா, மேலும் குற்றச்சாட்டுன்னா, யாரு சொல்லலாம்?"

"புகார் உள்ளவங்க யார் வேணாலும் சொல்லலாம்."

"எனக்குப் புகார் இருக்கு."

"உங்க வீட்டுக்காரர் மேலயா?"

"ஆமா. நிறைய."

தாத் கரீம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மெதுவாகத் தேய்த்து விரித்தார். "கேள்விகளுக்கு எண்ணிக்கை வரம்பு விதியில இல்லை பீபி. ஆனா அலுவலக மொழியில இருக்கணும். சொல்லுங்க."

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கை எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாள். 'பணியாளர் கரும்பலகையில் எழுதும் உடல் தகுதியுடன் உள்ளாரா என்பதைத் தெரிவிக்கவும்' என்று அவர் எழுதினார். சாப்பாடு போடுகிறார்களா என்று மஹ்லப் கேட்டதை, 'அயல்பணி இடத்தில் பெறும் உணவுச் சலுகை விவரம்' என்று ஆக்கினார். குழந்தைக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது, அதைச் சொல்ல வேண்டும் என்றபோது தாத் கரீம் வெகுநேரம் யோசித்தார். பிறகு, 'மகளுக்குக் கீழ்வரிசையில் பற்கள் இரண்டு முளைத்தும் நேரில் வந்து பாராத குடும்பப் பொறுப்பின்மை' என்று எழுதி, அதற்கு மூன்றாம் குற்றச்சாட்டு என்று எண் போட்டார்.

"இன்னும் ஏதாவது இருக்கா?"

நாஸ்பீபி தலையைக் குனிந்துகொண்டாள். மஹ்லப்தான் சொன்னாள்: "இவ ராத்திரியில தூங்குறதே இல்லை வாஜா. அதையும் ஒரு குத்தமாப் போடுங்க."

போட்டார்.

பத்தொன்பது நாளில் பதில் வந்தது. 'நேரில் பெற்றுக்கொண்டார்.' நீல முத்திரை. "முதல் குற்றச்சாட்டு: இடது கையால் எழுதப் பழகி வருகிறேன். இரண்டு: ரொட்டியும் பருப்பும். மூன்று: முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பற்கள் எத்தனை என்பதை அவ்வப்போது அலுவலகம் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். நான்கு: இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. நானும் தூங்குவதில்லை."

கல்வி அதிகாரி அதைப் படித்துவிட்டு, 'குற்றத்தை ஒப்புக்கொண்டிருப்பது பாராட்டத்தக்கது' என்று எழுதினார். முகாமைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை. அது வேறு துறை.

முகாமுக்கு மூன்றாவது நோட்டீஸ் பதினோரு கேள்விகளோடு போனது. இதற்குள் நலக் குழுத் தலைவர் தலைநகருக்கு ஆண்டறிக்கை அனுப்பினார். குழுவின் சாதனைகள் என்ற தலைப்பில், ஷாகோர் ஆசிரியர் ஒருவர் மலையடி முகாமில் நலமாக இருந்து தம் துறையோடு கடிதப் போக்குவரத்து வைத்திருப்பதைக் குழுவின் அயராத முயற்சி கண்டுபிடித்தது என்று ஒரு பத்தி. அந்த அறிக்கையைத் துரதிருஷ்டவசமாக யாரோ படித்துவிட்டார்கள்.

மூன்றாவது நோட்டீஸ் திரும்பி வந்தபோது கையெழுத்து இல்லை. அதே நீல முத்திரை. முந்தின இரண்டிலும் இருந்த மாதிரி, முத்திரையின் ஓரத்தில் அதே இடத்தில் அதே கீறல். உள்ளே, 'இப்பெயருடையவர் எவரும் இங்கு இல்லை. எப்போதும் இருந்ததில்லை.'

நாஸ்பீபி மூன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"வேற இடத்துக்கு மாத்திட்டாங்களா வாஜா? இல்ல..."

"எனக்குத் தெரியாது பீபி." தாத் கரீம் குண்டூசிகளை எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கடற்கரையோரம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் கட்டடம் கட்டவில்லை. "நோட்டீஸ் அவர் கைக்குப் போய்ச் சேராததால பணிநீக்கம் பண்ணியாச்சு. ஆணை இதோ. முப்பது நாளுக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம்."

"பண்றேன்."

"மனுவுல அவர் கையெழுத்து வேணும். இனிமே இந்த அலுவலகம் அனுப்பாது. அவர் இப்ப எங்க ஆள் இல்லை." படிவத்தை அவளிடம் நீட்டினார். "ஆனா கையெழுத்தை வாங்கிட்டு வர்றது மனுதாரர் வீட்டாரோட பொறுப்புன்னு விதி இருக்கு. பக்கம் இருநூத்திப் பதினாலு. யாராவது கேட்டா அந்தப் பக்கத்தைச் சொல்லுங்க."

அவர் சொன்னது அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை வெயில் ஏறுமுன் இரண்டு பெண்களும் மலையடி முகாமின் வாசலில் நின்றார்கள். மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு காவல்காரன், வெளிமாகாணத்துப் பிள்ளை, மீசை இப்போதுதான் அடர்ந்திருந்தது, எட்டிப் பார்த்தான்.

"என்ன வேணும்?" உருதுவில் கேட்டான்.

"கையெழுத்து," என்றாள் நாஸ்பீபி.

"யாரோட கையெழுத்து?"

"என் வீட்டுக்காரர். ஆசிரியர் லால்பக்ஷ். உள்ள இருக்கார்."

"உள்ள யாரும் இல்லை. போங்க."

"இல்லைன்னா இல்லைன்னு இந்தப் படிவத்துல எழுதி முத்திரை போட்டுக் குடுங்க. பக்கம் இருநூத்திப் பதினாலு."

அவனுக்கு இதற்கு என்ன சொல்வதென்று யாரும் சொல்லித் தரவில்லை. போன் எடுத்துப் பேசினான். வைத்தான். "போங்கம்மா," என்றான். அவர்கள் போகவில்லை. நண்பகலில் அவன் ஒரு தண்ணீர்ப் பாட்டிலை மூட்டைமேல் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். மஹ்லப் எடுத்துக் குடித்துவிட்டு, "உங்க அம்மா நல்ல பொம்பளைடா, பாவம்," என்றாள்.

அன்று சாயங்காலம் திரும்பும் வழியில் மஹ்லப் நலக் குழு அலுவலகத்தின் நடையில் ஏறினாள். உட்கார்ந்திருந்தவர்களிடம், "போட்டோவை மடியில வச்சுக்கிட்டு இந்தத் தலைவன் மூஞ்சியைப் பார்த்துட்டிருந்தது போதும். உங்க வீட்டு ஆம்பளைங்க கையெழுத்துக்கு நிக்கிற அரசாங்கக் காகிதம் எது இருந்தாலும் எடுத்துட்டு வாங்க," என்றாள்.

காகிதத்துக்கா பஞ்சம்? மறுநாள் பதினொரு பேர் வந்தார்கள். ஒருத்தியிடம் மகனின் கல்லூரித் தேர்வு அனுமதிச் சீட்டு. தேர்வு முடிந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒருத்தியிடம் காலாவதியான ஓட்டுநர் உரிமம். புதுப்பிக்க உரியவர் கையெழுத்து கட்டாயம். தடித்த கண்ணாடி போட்ட ஒருத்தி, ஓய்வுபெற்ற தபால்காரரான தன் கணவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று அவரே ஒப்பமிட்டு வருஷா வருஷம் தரவேண்டிய சான்றிதழைக் கொண்டு வந்திருந்தாள். "மூணு வருஷமாக் குடுக்கலை. எதுக்குக் குடுக்கலைன்னு மூணு கடுதாசி வந்திருச்சு," என்றாள்.

மூன்றாம் நாள் நாற்பது பேருக்கு மேல். வெயில் தகித்தது. குழந்தைகள் அழுதன. எல்லோருமே முன்னால் நிற்கப் பார்த்தார்கள். படிவங்கள் காற்றில் படபடத்தன. அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து அதிகாரியின் ஜீப் வாசலுக்கு வந்து, வெளியே போக வழியில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் அதிகாரியின் உதடு கோபமாக அசைந்தது. காவல்காரன் விசிலை ஊதினான். யாரும் நகரவில்லை. மறுபடி ஊதினான். வியர்வை வழிய, மூட்டைமேல் ஏறி நின்று, தொண்டை கிழியக் கத்தினான்:

"தள்ளாதீங்க! ஒவ்வொருத்தரா வாங்க! உங்க ஆள் பேரு என்ன, என்னைக்குக் கொண்டு வந்ததுன்னு சொல்லி வரிசையா நில்லுங்க!"

ஹாரன் நின்றுவிட்டது.

காவல்காரன் வாய் திறந்தபடியே மூட்டைமேல் நின்றான். ஜீப்பில் யாரும் அசையவில்லை. அத்தனை பெண்களும் அவனையே பார்த்தார்கள்.

முதலில் நகர்ந்தவள் நாஸ்பீபி. குழந்தையை இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, படிவத்தைப் பையிலிருந்து எடுத்து, அவனுக்கு நேர் எதிரே போய் நின்றாள். அவள் பின்னால் மஹ்லப். அவளுக்குப் பின்னால், தடித்த கண்ணாடி போட்ட, ஓய்வுபெற்ற தபால்காரரின் மனைவி. வரிசை முள்வேலியை ஒட்டி, கல்கட்டைத் தாண்டி, பெரிய சாலை வரைக்கும் நேராகப் போய் நின்றது.

"லால்பக்ஷ்," என்றாள் நாஸ்பீபி. "மார்ச் ஒன்பது. காலையில பத்து நாப்பது."